பேத்தாலஜி சொல்லிவிட்டது, டாக்டர் சொல்லவில்லை: எம்72.6 (நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ்) போடலாமா?

கேள்வி: இன்பேஷண்ட் கோடிங்கில், அதாவது அட்மிட் ஆனவர்களின் சார்ட்டில் மருத்துவர் எழுதியதைப் பில்லிங் கோடுகளாக மாற்றும் வேலையில், எனக்கு இது இரண்டாவது வருடம். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் பார்க்கிறேன். போன வாரம் ஒரே சார்ட்டில் ஆடிட்டர் நான்கு பிழை போட்டுவிட்டார். நோயாளி 58 வயது ஆண், டைப் 2 சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்பவர். எமர்ஜென்சி டாக்டர் எழுதியது: ‘இடது தொடையில் செல்லுலைட்டிஸ், செப்சிஸ், நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸோ என்ற கவலை.’ (தசையைச் சுற்றிய உறையான ஃபேஷியா செத்துப்போகும் தொற்று அது.) அன்றிரவே ஆபரேஷன். 48 மணி நேரம் கழித்து மறுபடியும் ஒன்று. முதல் ஆபரேஷன் நோட்டில் சர்ஜன்: ‘என்எஸ்டிஐ (நெக்ரோடைசிங் சாஃப்ட் டிஷ்யூ இன்ஃபெக்ஷன்). ஃபேஷியா சாம்பல் நிறம், ரத்தம் கசியவில்லை. ஆரோக்கியமான தசை வரை ஷார்ப் டிப்ரைட்மென்ட்.’ (டிப்ரைட்மென்ட் என்றால் செத்த திசுவை நீக்குவது.) பேத்தாலஜி ரிப்போர்ட்: ‘நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ்.’ வந்த சாம்பிள்: தோல், கொழுப்பு, ஃபேஷியா, தசை. திசு கல்ச்சரில் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. தொற்றுநோய் கன்சல்டன்ட்: ‘குரூப் ஏ ஸ்ட்ரெப் என்எஸ்டிஐ.’ டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இடது தொடை என்எஸ்டிஐ, ஏகேஐ, டைப் 2 டயாபடீஸ்’ என்று மட்டும் இருக்கிறது. (ஏகேஐ என்றால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாவது.)

வந்த அன்று லேப்: சிஆர்பி ஒரு டெசிலிட்டருக்கு 22 மில்லிகிராம், வெள்ளணு 19,000, ஹீமோகுளோபின் 11.8, சோடியம் 131, கிரியாட்டினின் 2.4 (வழக்கமாக 0.9), சர்க்கரை 310, லாக்டேட் 4.1. கிலோவுக்கு 30 மில்லி கணக்கில் சலைன் ஏற்றியும் பிரஷர் ஏறாமல் நார்எபினெஃப்ரின் 14 மணி நேரம் ஓடியது.

நான் போட்டது: பிரின்சிபல் (முதன்மை நோய்) எல்03.116 (இடது கால் செல்லுலைட்டிஸ்); பிறகு எம்72.6, ஏ41.9 (கிருமி குறிப்பிடாத செப்சிஸ்), ஆர்65.20 (ஷாக் இல்லாத சிவியர் செப்சிஸ்), என்17.9 (ஏகேஐ), இ11.69 (சர்க்கரையோடு சேர்ந்த வேறு சிக்கல்), புரொசீஜருக்கு 0-கே-பி-ஆர்-0-இசட்-இசட். வரிசை, எம்72.6, இ11.69, புரொசீஜர் நான்குமே தப்பாம். பேத்தாலஜியே அடித்துச் சொன்ன பிறகு எம்72.6 எப்படித் தப்பாகும்?

பதில்: நான்கும் நியாயமான பிழைகள்தான். அதேசமயம் உங்கள் ஊகம் எங்கேயும் பிசகவில்லை. அந்த மனிதருக்கு வந்தது பெரும்பாலும் நீங்கள் நினைத்ததேதான். அதை எழுத வேண்டியவர்கள் எழுதாமல் விட்டார்கள், நீங்கள் அவர்களுக்காக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இந்தச் சார்ட்டை முடித்து அனுப்பியிருக்கக் கூடாது. ஹோல்டில் வைத்து மூன்று கொயரி (மருத்துவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) போட்டிருக்க வேண்டும்.

எம்72.6-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். இன்பேஷண்ட் சார்ட்டில் நோய்க்குப் பெயர் வைக்கிற உரிமை, அந்த நோயாளியை நேரில் பார்த்து வைத்தியம் செய்கிறவருக்குத்தான் உண்டு. அட்டெண்டிங் (பொறுப்பு மருத்துவர்), சர்ஜன், கன்சல்டன்ட் யார் எழுதினாலும் எடுத்துக்கொள்ளலாம்; அட்டெண்டிங் எழுதியதோடு முரண்படாத வரை. பேத்தாலஜிஸ்டும் மருத்துவர்தான். ஆனால் அவர் பார்ப்பது ஃபார்மலினில் வந்த திசுவை, நோயாளியை அல்ல. லேப், எக்ஸ்ரே, பேத்தாலஜி ஆகியவற்றின் அசாதாரண முடிவுகளை, சிகிச்சை தரும் மருத்துவர் அவற்றின் முக்கியத்துவத்தைச் சொல்லாதவரை கோட் செய்யக் கூடாது என்று அதிகாரபூர்வ கைட்லைன்ஸின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அவுட்பேஷண்ட் பக்கம் இதே ரிப்போர்ட் வந்திருந்தால் கதை வேறு: அங்கே மருத்துவர் படித்துச் சொன்ன இறுதி ரிப்போர்ட்டில் உறுதியான டயக்னாசிஸ் இருந்தால் அதையே கோட் செய்யலாம். அவுட்பேஷண்டிலிருந்து ஐபிக்கு (இன்பேஷண்டுக்கு) மாறியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

‘கவலை’ என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். சந்தேகச் சொற்கள் எல்லாமே ஒதுக்க வேண்டியவை அல்ல. ‘இருக்கலாம்’, ‘சந்தேகிக்கப்படுகிறது’, ‘ஒத்துப்போகிறது’ போன்றவை டிஸ்சார்ஜ் நேரத்திலும் அப்படியே நின்றால், ஐபி-யில் நோய் இருப்பதாகவே கோட் செய்கிறோம். ‘கவலை’ என்பதையும் இதே வகையில் சேர்க்கச் சொல்லி 2018-இல் கோடிங் கிளினிக் (அமெரிக்க மருத்துவமனைச் சங்கத்தின் கோடிங் விளக்க வெளியீடு) பதில் தந்தது. ஆனால் உங்கள் சார்ட்டில் அந்தக் கவலை எமர்ஜென்சி நோட்டோடு நின்றுவிட்டது. கடைசிவரை யாரும் அதை உறுதியும் செய்யவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் நாள் சந்தேகத்தைக் கடைசி நாள் டயக்னாசிஸாக ஏற்ற முடியாது.

சரி, சர்ஜனும் கன்சல்டன்ட்டும் என்எஸ்டிஐ என்று எழுதியிருக்கிறார்களே, அது போதாதா? போதாது. நெக்ரோடைசிங் சாஃப்ட் டிஷ்யூ இன்ஃபெக்ஷன் என்பது ஒரு குடைப்பெயர். தோலும் கொழுப்பும் மட்டும் செத்தாலும் என்எஸ்டிஐ, ஃபேஷியா செத்தாலும் என்எஸ்டிஐ, தசைக்குள் போனாலும் என்எஸ்டிஐ. எம்72.6 இதில் ஒரு அடுக்கை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சர்ஜன்களுக்கு இந்த வித்தியாசம் ஆபரேஷன் மேசையில் பெரிதாகத் தெரியாது. எந்த அடுக்காக இருந்தாலும் வெட்டி எடுக்க வேண்டியதுதான் அவர்கள் வேலை. அதனால் வாய்க்கு வந்த பொதுப்பெயரை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கோ அடுக்குதான் கோட். ‘ஃபேஷியா சாம்பல் நிறம், ரத்தம் கசியவில்லை’ என்று அவரே எழுதியிருப்பது வலுவான வர்ணனை. ஆனால் வர்ணனை டயக்னாசிஸ் ஆகாது. அதை டயக்னாசிஸாக மாற்ற நமக்கு உரிமை இல்லை. கொயரியில் ஆதாரமாக எடுத்துக் காட்ட முழு உரிமை உண்டு.

உங்களிடம் இருக்கிற ஆதாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஃபேஷியைட்டிஸ் சாத்தியத்தைக் கணிக்கும் எல்ரினெக் ஸ்கோரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் வெளிவந்த இந்தக் கணக்கு ஆறு லேப் எண்களை வைத்துப் போடுவது. சிஆர்பி லிட்டருக்கு 150 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் 4 புள்ளி. வெள்ளணு 15,000-க்கும் 25,000-க்கும் இடையில் 1, அதைத் தாண்டினால் 2. ஹீமோகுளோபின் 11-க்கும் 13.5-க்கும் இடையில் 1, 11-க்குக் கீழே 2. சோடியம் 135-க்குக் கீழே 2. கிரியாட்டினின் 1.6-க்கு மேல் 2. சர்க்கரை 180-க்கு மேல் 1. 6 வந்தாலே சந்தேகப்பட வேண்டும், 8 வந்தால் பலமாகச் சந்தேகப்பட வேண்டும். உங்கள் நோயாளிக்கு 4, 1, 1, 2, 2, 1 என்று கூட்டினால் 11. இங்கே ஒரு பொறி: உங்கள் லேப் சிஆர்பியை டெசிலிட்டரில் தந்திருக்கிறது. 22 என்பதை அப்படியே 150-உடன் ஒப்பிட்டால் புள்ளி பூஜ்ஜியம், மொத்தம் 7 என்று வரும். பத்தால் பெருக்கி 220 ஆக்கிய பிறகுதான் 4 கிடைக்கும். டினையல் (பணம் மறுப்பு) கடிதம் எழுதுகிற பேயர் (காப்பீட்டு நிறுவனம்) தரப்பிலும் இந்தத் தவறு நடக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் குறைவாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று தள்ளவும் முடியாது. ஃபேஷியைட்டிஸ் இருந்தும் 6-ஐத் தொடாத நோயாளிகள் உண்டு. இந்த எண்ணை நோட்டில் எழுதியிருக்க வேண்டியவர் மருத்துவர். நீங்கள் கூட்டிப் பார்ப்பது, எந்த லேப் முடிவுகளைக் கொயரியில் வைப்பது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

கொயரியை எப்படி எழுதுவது? ‘பேத்தாலஜி நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் என்கிறது, தயவுசெய்து டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்க்கவும்’ என்று எழுதினால் அது லீடிங் கொயரி, விடையை வாயில் திணிக்கிற கேள்வி. பதில் வந்தாலும் செல்லாது. அஹிமா, ஆக்டிஸ் என்ற தொழில்முறைச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த கொயரி நெறிமுறைப்படி ஆதாரத்தை வை, கேள்வியைக் கேள், விடையை அவரிடம் விடு. இப்படி இருக்கலாம்:

‘டிஸ்சார்ஜ் சம்மரியில் இடது தொடை என்எஸ்டிஐ என்று உள்ளது. முதல் ஆபரேஷன் நோட்: ஃபேஷியா சாம்பல் நிறம், ரத்தம் கசியவில்லை. பேத்தாலஜி: நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ், சாம்பிளில் தோல், கொழுப்பு, ஃபேஷியா, தசை. திசு கல்ச்சர்: குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சிஆர்பி லிட்டருக்கு 220 மில்லிகிராம், சோடியம் 131. உங்கள் மருத்துவத் தீர்ப்பின்படி இந்தத் தொற்றை மேலும் குறிப்பாகச் சொல்ல முடியுமா? நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் / நெக்ரோடைசிங் செல்லுலைட்டிஸ், ஃபேஷியா பாதிக்கப்படவில்லை / தொற்றினால் வந்த மயோசைட்டிஸ் / வேறு (குறிப்பிடவும்) / தீர்மானிக்க இயலவில்லை.’

தலைப்பில் ‘ஃபேஷியைட்டிஸ் கொயரி’ என்று போடாதீர்கள். ‘தொற்றின் தன்மை குறித்த விளக்கம்’ போதும். எம்72.6 மெடிகேர் பட்டியலில் எம்சிசி, அதாவது கட்டணத்தை உயர்த்தக்கூடிய பெரிய சிக்கல். அந்தச் சொல்லோ, டிஆர்ஜி (கட்டணக் குழு) மாறும் என்ற ஜாடையோ கொயரிக்குள் வரவே கூடாது. யாரிடம் அனுப்புவது என்றால், வெட்டிப் பார்த்தவர் சர்ஜன் என்பதால் அவருக்கு. அவர் சொல்வது அட்டெண்டிங் எழுதியதோடு மோதினால், முடிவு சொல்ல வேண்டியவர் அட்டெண்டிங்.

ஃபேஷியைட்டிஸ் என்று பதில் வந்தால் எம்72.6-உடன் கிருமிக்கு பி95.0. இதைக் கல்ச்சர் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கக் கூடாது, ஆனால் கன்சல்டன்ட் தன் நோட்டில் கிருமியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார், அது போதும். நீங்கள் போட்ட வரிசையில் பி95.0 இல்லவே இல்லை. டேபுலரில் (கோட் பட்டியலில்) எம்72.6-இன் கீழேயே ‘கூடுதல் கோட் பயன்படுத்து’ என்று இருக்கும் குறிப்பைப் பாருங்கள். பிறப்புறுப்பும் பெரினியமும் சம்பந்தப்பட்டால் வழியே மாறிவிடும்: ஆணுக்கு ஃபோர்னியர் கேங்க்ரீன் என்49.3, பெண்ணுக்கு 2022 அக்டோபரிலிருந்து தனியாக என்76.82. தொடைச் சார்ட்டுக்கு இவை தேவையில்லை.

எல்03.116 எங்கே போகும்? எமர்ஜென்சியில் செல்லுலைட்டிஸ் என்று தொடங்கி, திறந்து பார்த்தபோது உள்ளே வேறு என்று தெரிந்தால், முதல் பெயர் முதல் அபிப்பிராயம், அவ்வளவுதான். சுற்றிலும் செல்லுலைட்டிஸ் தனியாக இருந்தது, அதற்கும் வைத்தியம் நடந்தது என்று மருத்துவர் எழுதினால் கடைசியில் சேர்க்கலாம். பிரின்சிபல் ஆசனத்தில் அதற்கு இடமில்லை.

அந்த ஆசனம் செப்சிஸுக்கு. நோயாளி வரும்போதே செப்சிஸும் ஓர் உறுப்பின் தொற்றும் சேர்ந்து வந்தால், உடல் முழுவதும் பரவிய தொற்றின் கோட் முதலில், உள்ளூர்த் தொற்று இரண்டாவதாக. உள்ளூர்த் தொற்றோடு அட்மிட் ஆகி, வார்டில் செப்சிஸ் வந்தால் மட்டும் வரிசை தலைகீழ். உங்கள் சார்ட்டில் எமர்ஜென்சி டாக்டரே செப்சிஸ் என்று எழுதிவிட்டார், பிஓஏ (வரும்போதே இருந்ததா என்ற குறி) ஒய். ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது: டிஸ்சார்ஜ் சம்மரியில் செப்சிஸ் என்ற சொல்லே இல்லை. முதல் நாள் தோன்றிக் கடைசி நாள் காணாமல் போன செப்சிஸ் பேயருக்கு அல்வா மாதிரி. அது கோட் ஆகி, பணம் வந்து, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போகும். இது இரண்டாவது கொயரி: செப்சிஸ் உறுதியானதா, நீக்கப்பட்டதா, உறுதியானால் எந்தக் கிருமியால்?

கிருமியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளராததால் செப்சிஸ் இல்லை என்று ஆகாது. கைட்லைன்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. திசுவில் ஸ்ட்ரெப் வளர்ந்ததால் செப்சிஸும் ஸ்ட்ரெப்பால்தான் என்று நாமாக முடிச்சுப் போடவும் முடியாது. மருத்துவர் முடிச்சுப் போட்டால் ஏ40.0 (குரூப் ஏ ஸ்ட்ரெப் செப்சிஸ்). போடவில்லை என்றால் ஏ41.9-தான்.

அடுத்து ஆர்65.20. நீங்கள் போட்டதற்குக் காரணம் ஏகேஐ, புரிகிறது. செப்சிஸோடு சேர்ந்து வந்த உறுப்புச் செயலிழப்பு என்றால் ‘சிவியர்’ என்ற சொல் இல்லாமலே ஆர்65.2 வரிசைக்குப் போகலாம். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது தெளிவில்லாதபோது கேட்கச் சொல்கிறது விதி. அந்த ஏகேஐ செப்சிஸாலா, நீர்ச்சத்துக் குறைவாலா, வேறு எதனாலுமா என்று ஒருவரும் எழுதவில்லை. 0.9-லிருந்து 2.4 என்பது இரண்டரை மடங்குக்கு மேல்; கேடிகோ என்ற சிறுநீரக அளவுகோலில் இரண்டாம் நிலை. எனவே ஏகேஐ-யை யாரும் மறுக்க முடியாது. காரணம்தான் இல்லை.

நீங்கள் முழுதாகத் தாண்டிப்போனது நார்எபினெஃப்ரின். திரவம் ஏற்றியும் பிரஷர் நிற்காமல் வாசோபிரஸர் (பிரஷரை ஏற்றும் மருந்து), கூடவே லாக்டேட் 4.1. 2016-இல் வந்த செப்சிஸ்-3 வரையறையில் செப்டிக் ஷாக் என்பது இதுதான்: போதிய திரவத்துக்குப் பிறகும் சராசரி ரத்த அழுத்தம் 65-ஐப் பிடிக்க வாசோபிரஸர் தேவைப்படுவது, லாக்டேட் 2-க்கு மேல் இருப்பது. ஆனாலும் சார்ட் முழுக்க யாரும் அந்த இரண்டு சொற்களை எழுதவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து ஆர்65.21 (செப்டிக் ஷாக்கோடு சிவியர் செப்சிஸ்) போடக் கூடாது; இரண்டாவது கொயரியிலேயே நார்எபினெஃப்ரின் ஓடிய நேரத்தையும் லாக்டேட்டையும் வைத்து, ரத்த அழுத்தக் குறைவின் காரணத்தைக் கேளுங்கள். ஷாக் என்று பதில் வந்தால் ஆர்65.20 போய் ஆர்65.21 வரும், இரண்டும் சேர்ந்து வராது. எதுவாக இருந்தாலும் ஆர்65 பிரின்சிபலாக வரவே வராது.

பேயர்களோடு மல்லுக்கட்டு எங்கே வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செப்சிஸ்-3-இல் ‘சிவியர் செப்சிஸ்’ என்று தனி வகை கிடையாது. உறுப்பு பாதித்தால்தான் அது செப்சிஸே. ஐசிடி-10-சிஎம்மோ ஆர்65.20-ஐ இன்னமும் வைத்திருக்கிறது. மருத்துவர் சொன்னதை வைத்துத்தான் கோட் என்று கைட்லைன்ஸ் நம்மைக் காப்பாற்றும், ஆனால் பேயரின் கிளினிகல் வேலிடேஷனை (நோய் உண்மையில் இருந்ததா என்ற சோதனையை) அது தடுக்காது. சோஃபா (உறுப்புச் செயலிழப்பு) ஸ்கோர் இயல்பு நிலையிலிருந்து 2 புள்ளி ஏறியதைக் காட்டு என்பார்கள். உங்கள் நோயாளிக்குக் கிரியாட்டினின் 2.4 மட்டுமே 2 புள்ளி. ஆனால் பழைய 0.9 சார்ட்டில் எங்காவது மருத்துவர் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், பழைய கிட்னி நோயாக இருக்கலாமே என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: இதே நோய் முந்தைய ஆபரேஷன் காயத்திலிருந்து தொடங்கியிருந்தால், மேலே சொன்ன வரிசை உதவாது. மருத்துவர் அந்தத் தொடர்பை எழுதியிருந்தால் டி81.4 (ஆங்கில T; ஆபரேஷனுக்குப் பின் வந்த தொற்று) குடும்பம் முன்னால் வரும், செப்சிஸுக்கு டி81.44 சேரும், ஷாக் வந்தால் ஆர்65.21-க்குப் பதில் டி81.12.

இ11.69-க்கு வருவோம். ‘சர்க்கரை நோயாளி, கூடவே ஒரு சிக்கல், விதிப்படி தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்’ என்று நினைத்திருப்பீர்கள். அந்த விதி இன்டெக்ஸில் டயாபடீஸின் கீழே ‘உடன்’ என்ற சொல்லுக்கு அடியில் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியவற்றுக்கு மட்டும். அங்கே கேங்க்ரீன் இருக்கிறது, நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் இல்லை. இல்லாததை மருத்துவர் இணைக்க வேண்டும், நாம் இணைக்கக் கூடாது. அதேபோல 310 என்ற சர்க்கரை அளவைப் பார்த்து இ11.65 போடாதீர்கள், ‘ஹைப்பர்கிளைசீமியா’ என்றோ ‘சரியாகக் கட்டுப்படாத’ என்றோ எழுத்து வேண்டும். ‘அன்கன்ட்ரோல்ட்’ என்று மட்டும் இருந்தால் அது ஏறியதா இறங்கியதா என்று கேட்க வேண்டிவரும். ஒன்றும் எழுதவில்லை என்றால் இ11.9 (சிக்கல் இல்லாத டைப் 2), கூடவே இன்சுலினுக்கு இசட்79.4. அதையும் விட்டிருக்கிறீர்கள்.

ஆக, பதில்கள் எல்லாம் சாதகமாக வந்தால் வரிசை இது: ஏ40.0, ஆர்65.21, எம்72.6, பி95.0, என்17.9, இ11.9, இசட்79.4. எமர்ஜென்சியிலேயே அறிகுறிகள் இருந்து, ஃபேஷியைட்டிஸ் என்ற பெயர் ஆபரேஷனுக்குப் பிறகு வந்தாலும் எம்72.6-க்கு பிஓஏ ஒய்தான். வரும்போது இருந்ததா என்பது கேள்வி, பெயர் வைத்த நேரம் அல்ல. செப்சிஸ் பிரின்சிபலாக, ஆபரேஷனும் சேர்ந்தால் எம்எஸ்-டிஆர்ஜி 853 முதல் 855 வரையிலான குழுவுக்குப் போகும்.

கடைசியாகப் புரொசீஜர். நீங்கள் போட்ட 0-கே-பி-ஆர்-0-இசட்-இசட் என்பது இடது தொடைத் தசையை வெட்டி நீக்கியது. சர்ஜன் எழுதியதோ ‘ஆரோக்கியமான தசை வரை’. இந்த ‘வரை’ தமிழிலும் வம்பு பிடித்த சொல்தான். ‘வாசல் வரை வந்தார்’ என்றால் உள்ளே வந்தாரா? தசை வரை வெட்டினார் என்றால் தசை தெரியும் இடத்தில் நிறுத்தினார் என்றுதான் படிக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் அடுக்குகளை நீக்கினால் மிக ஆழமான அடுக்கைக் கோட் செய் என்று பிசிஎஸ் (புரொசீஜர் கோட் முறை) விதி பி3.5 சொல்கிறது. அது வெட்டி எடுத்த ஆழம், கண்ணுக்குத் தெரிந்த ஆழம் அல்ல. இப்போதைய எழுத்தை வைத்து அதிகபட்சம் தோலடித் திசு, ஃபேஷியா வரிசையில் 0-ஜே-பி-எம்-0-இசட்-இசட் போகலாம்.

அதற்கும் ‘ஷார்ப்’ என்ற சொல் இடைஞ்சல். கூர்மையான கருவியைப் பிடித்தார் என்பதால் அது எக்ஸிஷன் (வெட்டி நீக்குதல்) ஆகிவிடாது. கத்தரியை வைத்துத் தொங்குகிற சதையைக் கிள்ளி எடுப்பதும், ஸ்கேல்பெலால் சுரண்டுவதும் ஷார்ப்தான். கோடிங் கிளினிக் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு வரி: ‘10-ஆம் எண் பிளேடால் தோல், தோலடிக் கொழுப்பு, செத்த ஃபேஷியா, வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசையில் 6 × 4 செ.மீ. பகுதி ஆகியவற்றை, ரத்தம் கசியும் உயிருள்ள திசு வரும்வரை வெட்டி நீக்கினேன்.’ இதில் எக்ஸிஷனல் என்ற சொல் இல்லாவிட்டாலும் கருவி, செயல், அடுக்கு, அளவு, எங்கே நிறுத்தினார் என்ற ஐந்தும் இருக்கின்றன. மருத்துவர் பிசிஎஸ் மொழியில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. இப்படி எழுதினால் மொழிபெயர்ப்பது நம் வேலை. ‘ஷார்ப் டிப்ரைட்மென்ட் செய்தேன்’ என்று மட்டும் எழுதினால் மூன்றாவது கொயரி. பேத்தாலஜி சாம்பிளில் தசை இருந்தது என்பதை அதில் ஆதாரமாக வையுங்கள். தசையை வெட்டி நீக்கியதாகப் பதில் வந்தால் உங்கள் பழைய கோடே மீண்டுவரும். திசுவைப் பேத்தாலஜிக்கு அனுப்பினார்கள் என்பதற்காகக் கடைசி எழுத்தை எக்ஸ் ஆக்காதீர்கள். பயாப்ஸிக்காக வெட்டவில்லை, வைத்தியமாக வெட்டினார்கள்.

உங்கள் குழுவில் சர்ஜன் தரப்பு பில்லிங் பார்ப்பவர் இருந்தால் அவருக்கு ஒரு சொல். சிபிடி (மருத்துவர் பில்லிங் கோட்) 11004, 11005, 11006 மூன்றின் விளக்கத்திலும் நெக்ரோடைசிங் சாஃப்ட் டிஷ்யூ இன்ஃபெக்ஷன் என்று பெரிதாக இருப்பதைப் பார்த்துக் கை பரபரக்கும். அவை பிறப்புறுப்பு, பெரினியம், வயிற்றுச் சுவர் ஆகிய இடங்களுக்கு மட்டும். தொடைக்கு ஆழத்தையும் பரப்பையும் வைத்துப் போடும் 11042 வரிசைதான். ஃபேஷியாவோ தசையோ 30 × 12 செ.மீ. நீக்கப்பட்டால் 360 சதுர செ.மீ.; முதல் 20-க்கு 11043, மீதி 340-க்கு 11046 பதினேழு யூனிட். அளவு எழுதாத நோட்டில் பதினேழும் போய் ஒன்றுதான் நிற்கும். ஐபி பக்கம் ‘ஃபேஷியா வரை’ என்பது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் தோலடித் திசுவும் ஃபேஷியாவும் ஒரே பாடி சிஸ்டத்தில் இருக்கின்றன. சர்ஜன் பில்லிங்கில் அதே ‘வரை’ 11042-க்கும் (தோலடித் திசு) 11043-க்கும் (ஃபேஷியா, தசை) நடுவில் சுவராக நிற்கும்.

ஆடிட்டரும் கவனிக்காத ஐந்தாவது பிழை ஒன்று இருக்கிறது. 48 மணி நேரம் கழித்து இரண்டாவது ஆபரேஷன் நடந்தது என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் புரொசீஜர் கோட் ஒன்றுதான். ஒவ்வொரு முறை தியேட்டருக்குப் போனதும் தனிக் கோட், தனித் தேதி. இரண்டாம் நோட்டைத் தனியாக எடுத்துப் படியுங்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் கழுவிப் பார்த்து, விளிம்பில் மிச்சமிருந்ததை மட்டும் எடுத்திருப்பார்கள். முதல் நாள் தசை என்பதால் இரண்டாம் நாளும் தசை என்று நகல் எடுத்துவிட வேண்டாம்.